புது நாட்டில் கார் காப்பீடு: விமானம் ஏறும் முன்பே தொடங்கும் வேலை

இருபது ஆண்டுகள் விபத்தே இல்லாமல் கார் ஓட்டியவர் வேறொரு நாட்டில் குடியேறிக் காப்பீடு கேட்டால், நேற்று உரிமம் வாங்கிய இளைஞனுக்குச் சொல்லும் பிரீமியத்தையே பல இடங்களில் அவருக்கும் சொல்வார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தன் கையில் உள்ள விவரங்களை வைத்துத்தான் அது விலை போடுகிறது. உங்களுடைய இருபது ஆண்டுகளும் வேறொரு நாட்டுக் கணினியில் இருக்கின்றன. இங்கே உங்கள் பெயரைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லை. முன்பின் தெரியாத ஆள் என்பதற்கே கூடுதல் விலை. எனவே குடியேறுபவர் செய்ய வேண்டிய வேலைகளில் பாதி, தன்னைத் தெரிந்த ஆளாக்கிக்கொள்வது. மறுபாதி, அந்த நாட்டின் கட்டாயக் காப்பீடு எதுவரை தாங்கும், எங்கே கைவிடும் என்று தெரிந்துகொள்வது.

முதல் படி: கிளம்பும் முன் ஒரு கடிதம்

இப்போது பாலிசி வைத்திருக்கும் நிறுவனத்திடம் உங்கள் கிளெய்ம் வரலாற்றை, அதாவது எப்போதெல்லாம் இழப்பீடு கேட்டீர்கள் என்ற விவரத்தை, கடிதமாகக் கேளுங்கள். பெரும்பாலும் புதுப்பித்தல் நோட்டீஸை அனுப்பிவிட்டு, "நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று இதிலேயே இருக்கிறதே" என்பார்கள். அது போதாது. நோ கிளெய்ம் போனஸ் என்பது கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அதன் சதவீதக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், ஐந்து ஆண்டுகளில் 50. சிங்கப்பூரிலும் உச்சம் 50, மலேசியாவில் 55. பிரான்ஸில் அது பிரீமியத்தைப் பெருக்கும் ஓர் எண்: 1.00இல் தொடங்கி, உங்கள் தவறால் விபத்து நேராத ஒவ்வோர் ஆண்டும் 5 சதவீதம் குறைந்து 0.50 வரை இறங்கும், தவறு உங்களுடையதானால் ஒரே விபத்தில் 25 சதவீதம் ஏறும், உச்சவரம்பு 3.50. ஜெர்மனியில் விபத்தில்லா ஆண்டுகளை எண்ணி வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். இத்தனை முறைகளுக்கும் பொதுவாக இருப்பது ஆண்டுக் கணக்கு ஒன்றுதான். கடிதத்திலும் ஆண்டுகள்தான் பேச வேண்டும்.

அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை இவை. நிறுவனத்தின் முகவரித்தாள், தேதி, கையொப்பம். கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயர். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் இரண்டும் ஒரே ஆள் என்று நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பாலிசி எண், காரின் பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை இடைவெளியில்லாமல் காப்பீடு இருந்தது என்பது. உங்கள் காருக்கும் சேர்த்த முழுக் காப்பீடா, பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஏற்கும் மூன்றாம் நபர் காப்பீடா என்பது. கிளெய்ம் இருந்திருந்தால் தேதி, தொகை, தவறு யாருடையது. இல்லையென்றால் "இந்தக் காலத்தில் கிளெய்ம் எதுவும் இல்லை" என்ற வரி எழுத்திலேயே இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமனே விடப்பட்டிருந்தால் அதை யாரும் "இல்லை" என்று படிப்பதில்லை.

பல குடும்பங்களில் பாலிசி கணவர் பெயரில் இருக்கும், வண்டியை ஓட்டுவது மனைவியாக இருக்கும். கணக்கில் சேரும் ஆண்டுகள் எல்லாம் கணவருக்கு. மனைவி எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் தாளில் புதியவர். அவர் பெயரும் பாலிசியில் ஓட்டுநராகச் சேர்க்கப்பட்டிருந்தால், அதைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அலுவலக கார் ஓட்டியவர்கள், தம் காலத்தில் விபத்து இல்லை என்று அலுவலகத்திடம் தனியாகக் கடிதம் வாங்க வேண்டும். வேலையை விட்ட பிறகு அதைக் கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்புபவர்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது: கேட்ட 15 நாட்களுக்குள், குறைந்தது கடைசி ஐந்து ஆண்டுகளின் கிளெய்ம் வரலாற்றை நிறுவனம் தந்தாக வேண்டும். மற்ற இடங்களில் உங்கள் விடாமுயற்சிதான். கடிதத்துக்கும் ஆயுள் உண்டு. பிரிட்டனில் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழைய சான்றை ஏற்பதில்லை. இந்தியாவில் காரை விற்றால் நோ கிளெய்ம் போனஸை மூன்று ஆண்டுகள்வரை ஒதுக்கிவைத்துச் சான்று வாங்கலாம். திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்கள் அதையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. போகும் நாட்டு மொழி வேறென்றால், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும்.

வெளிநாட்டுச் சான்றை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. சில முழுதாக ஏற்கும், சில ஓரிரு ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுக்கும், சில தொட்டுக்கூடப் பார்க்காது. விலையை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளப் படிவங்களில் இதற்கென்று கட்டமே இல்லாமல் போவதுண்டு. தொலைபேசியில் ஒரு தரகரிடம் பேசி, "வெளிநாட்டுக் கிளெய்ம் வரலாற்றை ஏற்கும் நிறுவனங்கள் எவை?" என்று முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள். தரகரைத் தேடிப் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இரண்டாம் படி: உரிமம் செல்லுபடியாகும் நாட்களை எண்ணுங்கள்

காப்பீட்டுக் கட்டுரையில் உரிமம் எதற்கு என்று தோன்றலாம். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டினால் பாலிசி நிபந்தனையை மீறியவர் ஆகிறீர்கள். அடிபட்டவருக்குச் சட்டப்படி இழப்பீடு கொடுத்துவிட்டு, அதே தொகையை உங்களிடம் வசூலிக்கும் உரிமை பல நாடுகளில் நிறுவனத்துக்கு உண்டு.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்ற சிறு புத்தகத்தைப் பலர் உரிமம் என்றே நினைக்கிறார்கள். அது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூல உரிமம் கூட இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. அதிலும் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது ஓராண்டு செல்லும், 1968 வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது மூன்று ஆண்டுவரை செல்லலாம். ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். உங்கள் நாடு எந்த வகையைத் தருகிறது, போகும் நாடு எதை ஏற்கிறது என்று இரண்டையும் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிக்கு உள்ள சலுகை குடியேறியவருக்கு இல்லை. குடியிருப்பாளர் ஆன நாளிலிருந்து ஒரு கெடு ஓடத் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் ஜெர்மனியில் 6 மாதம்வரை பழைய உரிமத்தில் ஓட்டலாம். பிரிட்டனில் 12 மாதம். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு விசா கிடைத்ததும் உள்ளூர் உரிமம் எடுத்தாக வேண்டும். விசா, வீடு, பள்ளிச் சேர்க்கை என்று அலையும் மாதங்களில் இந்தக் கெடு ஓசையில்லாமல் தாண்டிப் போகும்.

உரிமத்தை மாற்றித் தரும் நாடுகள் பழையதைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. கொடுக்கும் முன் இருபுறமும் படி எடுத்துவையுங்கள். புது அட்டையில் புதுத் தேதிதான் இருக்கும், "எத்தனை ஆண்டாக ஓட்டுகிறீர்கள்?" என்று நாளை கேட்கும்போது காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. பழைய நாட்டு உரிம அலுவலகத்திலிருந்து ஓட்டுநர் வரலாற்றுச் சான்று ஒன்றும் வாங்கிவைத்தால் இன்னும் உறுதி.

முதல் சில வாரங்கள் வாடகை கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசையில் விற்கும் "சேதப் பொறுப்பு விலக்கு" வாடகைக்கு விட்டவரின் காரைப் பற்றியது. நீங்கள் இடித்த அடுத்தவர் காரைப் பற்றி அது பேசாது. அதிலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், தவறான எரிபொருள் போன்றவை வழக்கமாக வெளியே நிற்கும். ஐரோப்பாவில் மூன்றாம் நபர் காப்பீடு வாடகையிலேயே அடங்கியிருக்கும். அமெரிக்காவில் அது போதிய அளவு இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: கட்டாயக் காப்பீடு எதைத் தாங்கும்?

இந்தப் படியில்தான் அவசரப்படக் கூடாது. பழைய நாட்டில் பழகிய நினைப்போடு கையெழுத்துப் போட்டுப் பெரிய தொகையில் மாட்டிக்கொள்வது இங்கேதான் நடக்கிறது.

பிரிட்டன் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இன்று பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலை: உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்குக் காப்பீடு இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. உங்கள் சொந்த கார் நொறுங்கினால் அதிலிருந்து ஒரு காசும் வராது. இதுவரை எல்லா ஊரிலும் ஒன்றுதான். இதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் ஒரு வழி.

பிரிட்டனில் கட்டாயக் காப்பீட்டில் உடற்காயத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்திருக்கிறது: உடற்காயத்துக்கு ஒரு விபத்துக்கு 64.5 லட்சம் யூரோ அல்லது பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 13 லட்சம் யூரோ, பொருட்சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 13 லட்சம் யூரோ. இப்போது அமெரிக்கா பக்கம் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம், காயமடைந்த ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, பொருட்சேதத்துக்கு 15,000. அதற்கு முன் பொருட்சேத அளவு வெறும் 5,000 டாலராக இருந்தது. ஒரு நடுத்தரப் புதுக் காரை இடித்தாலே 15,000 டாலர் தீர்ந்துவிடும். மீதி உங்கள் சேமிப்பிலிருந்து. லண்டனிலோ பாரிஸிலோ இருந்து அங்கே போகிறவர் "சட்டம் கேட்கிற அளவு போதும்" என்று வாங்கினால், பழைய பாதுகாப்பில் சிறு துளியை மட்டும் வாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் பொறுப்பு வரம்பை உயர்த்திக்கொள்ள ஆகும் கூடுதல் பிரீமியம், வரம்பு உயரும் அளவுக்கு உயர்வதில்லை. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறெங்காவது குறையுங்கள், இதில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. காப்பீடே இல்லாதவர் உங்களை இடித்துவிட்டால் உங்கள் பாலிசியே ஈடுசெய்யும் பிரிவு ஒன்றும் அங்கே உண்டு. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குக் காப்பீடே கட்டாயமில்லை என்பது, எதிரே வருபவரிடம் என்ன இருக்கும் என்பதற்கு ஒரு எச்சரிக்கை.

ஆஸ்திரேலியாவில் வேறு வகைக் குழி. வண்டிப் பதிவோடு வரும் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு உடற்காயத்துக்கு மட்டுமே. நீங்கள் இடித்த காரின் கதவுக்கோ ஒருவர் வீட்டுச் சுவருக்கோ அதில் ஒன்றுமில்லை. "பதிவோடு காப்பீடும் கட்டிவிட்டேன்" என்று நிம்மதியாக ஓட்டும் புதியவர், விலையுயர்ந்த கார் ஒன்றின் பின்புறத்தில் மோதிய பிறகுதான் பொருட்சேதக் காப்பீட்டைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும் என்று அறிகிறார். நியூசிலாந்தில் கார் காப்பீடே கட்டாயமில்லை. விபத்துக் காயங்களை 1974 முதல் அரசின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொள்கிறது. பொருட்சேதம் அவரவர் பாடு. தென்னாப்பிரிக்காவில் எரிபொருள் மீதான வரியிலிருந்து நடக்கும் நிதி காயங்களுக்கு ஈடு தருகிறது. அங்கேயும் வண்டிச் சேதம் அதில் வராது.

கனடா ஒரே நாடாக இருந்தாலும் மாகாணத்துக்கு மாகாணம் முறை வேறு. பிரிட்டிஷ் கொலம்பியா, சஸ்காட்செவன், மனிடோபா மூன்றிலும் அடிப்படைக் காப்பீட்டை அரசு நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். விலை கேட்டு நாலு இடம் அலைய வேலையில்லை. கியூபெக்கில் உடற்காயத்துக்கு அரசு, வண்டிச் சேதத்துக்குத் தனியார். ஒன்டாரியோவில் எல்லாமே தனியார். டொரன்டோவில் இருக்கும் உறவினர் சொல்லும் யோசனை வான்கூவரில் இறங்கியவருக்கு உதவாது.

எந்த நாடானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கட்டாயக் காப்பீடு உடலுக்கு மட்டுமா, பொருளுக்கும் சேர்த்தா? உச்சவரம்பு எவ்வளவு? தவறு என்னுடையதாக இருந்து எனக்கே அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? மூன்றாவதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பல நாடுகளில் விடை "யாருமில்லை" என்பது. ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு அந்த ஓட்டையை அடைக்கும்.

நான்காம் படி: உங்கள் காருக்கு எவ்வளவு?

கடனிலோ குத்தகையிலோ எடுத்த காருக்கு முழுக் காப்பீடு வேண்டும் என்று கடன் கொடுத்தவரே நிபந்தனை போடுவார். சொந்தப் பணத்தில் வாங்கிய பழைய காரானால் முடிவு உங்களுடையது. கார் முழுதாகப் போனாலும் உங்கள் கைப்பணத்தில் இன்னொன்று வாங்க முடியுமென்றால், மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. இடைநிலை வகைகளும் உண்டு. ஜெர்மனியில் பகுதிக் காப்பீடு திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, கண்ணாடி உடைதல், காட்டு விலங்கு மோதல் ஆகியவற்றை ஏற்கும். உங்கள் தவறால் காருக்கு நேர்ந்த சேதத்துக்கு முழுக் காப்பீடுதான் வேண்டும்.

கிளெய்மில் உங்கள் கையிலிருந்து போகும் முதல் பங்கை அமெரிக்காவில் டிடக்டிபிள் என்றும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவில் எக்ஸஸ் என்றும் சொல்வார்கள். கணக்கு எல்லாப் பணத்திலும் ஒன்றுதான்: பழுதுச் செலவு 1,800, எக்ஸஸ் 500 என்றால் நிறுவனம் தருவது 1,300. பழுது 450தான் என்றால் ஒன்றும் வராது. எக்ஸஸ் பல அடுக்காக இருக்கும். நிறுவனம் விதிப்பது ஒன்று. பிரீமியம் குறைய வேண்டும் என்று நீங்களே ஏற்றுக்கொள்வது இன்னொன்று. வயதில் இளையவர், உள்ளூர் உரிமம் புதிதாக எடுத்தவர் என்பதற்காகச் சேர்ப்பது மூன்றாவது. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பிரீமியம் மலிவாகத் தோன்றும் பாலிசியில், புதியவர் தலையில் மட்டும் விழும் அந்த மூன்றாவது அடுக்கு உள்ளே எங்காவது சிறு எழுத்தில் இருக்கும்.

கார் முழுதாகச் சேதமானால் அன்றைய சந்தை மதிப்புத் தருவார்களா, பாலிசி எடுக்கும்போதே ஒப்புக்கொண்ட மதிப்பா என்றும் பாருங்கள். புதுக் கார் முதல் ஆண்டிலேயே வேகமாக மதிப்பிழக்கும். கடன் அவ்வளவு வேகமாகக் குறையாது. கார் போன பிறகும் வங்கிக்குத் தவணை கட்டும் நிலை வரலாம். அந்த இடைவெளியை ஈடுகட்டும் தனிக் காப்பீடு உண்டு. பழுது பார்ப்பது நிறுவனம் காட்டும் பட்டறையிலா, கார் தயாரித்தவரின் சர்வீஸ் மையத்திலா என்பதும் விலையை மாற்றும். வளைகுடா நாடுகளில் இதுதான் பேரத்தின் மையம்.

ஐந்தாம் படி: படிவத்தில் உண்மை

புதியவர்கள் ஏமாற்ற நினைத்துப் பொய் எழுதுவது அபூர்வம். கேள்வி புரியாமல் எழுதுவதுதான் அதிகம். பொய்யானாலும் புரியாமையானாலும் கிளெய்ம் நேரத்தில் வரும் தொல்லை பெரிது.

"யார் முதன்மை ஓட்டுநர்?" என்ற இடத்தில், பிரீமியம் குறையும் என்று பெற்றோர் பெயரை எழுதிவிட்டு மகன் தினமும் ஓட்டினால், பிரிட்டனில் அது மோசடியாகவே கருதப்படும். "காரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்பதும் முக்கியம். சொந்தப் பயணம், வேலைக்குப் போய்வருதல், தொழில் என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. மாலையில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிநேர வேலைக்கும் செயலி வழி டாக்ஸி ஓட்டுவதற்கும் சாதாரண பாலிசி பொருந்தாது. அந்த நேரத்தில் நேரும் விபத்துக்குக் காப்பீடே இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். வந்த புதிதில் கைச்செலவுக்கு இந்த வேலையில் இறங்குபவர்கள் நிறைய. ஆகவே இதை அழுத்தியே சொல்கிறேன்.

முகவரி என்பது இரவில் கார் நிற்கும் முகவரி. நண்பர் வீட்டு முகவரியில் தொடங்கிய பாலிசியை, வீடு மாறிய அன்றே திருத்துங்கள். அபராதம், பழைய விபத்து போன்றவை வெளிநாட்டில் நடந்தவையாக இருந்தாலும், கேள்வி கேட்டால் பதில் எழுத வேண்டும்.

உறவினர் வந்து தங்கும்போது காரைக் கொடுக்கலாமா? அமெரிக்காவில் காப்பீடு பெரும்பாலும் காரோடு போகும். அனுமதியோடு எப்போதாவது ஓட்டுபவருக்கும் பொருந்துவது வழக்கம். பிரிட்டனில் பாலிசியில் பெயர் உள்ளவர் மட்டுமே. "உங்களிடம்தான் முழுக் காப்பீடு இருக்கிறதே, என் வண்டியை ஓட்டுங்கள்" என்று நண்பர் சாவியை நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

உங்களால் மாற்ற முடியாதவையும் விலையில் சேரும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கடன் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று அளக்கும் எண், பிரீமியத்தைப் பாதிக்கிறது. வந்து இறங்கியவருக்கு அந்த மதிப்பெண்ணே இருக்காது. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்கள் இதற்கு இடம் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 டிசம்பர் 21 முதல் ஆண், பெண் என்று விலை பிரிப்பதும் கிடையாது. முன்வரலாறு காட்ட முடியாதவர்கள், ஓட்டும் விதத்தைக் கருவியோ கைப்பேசிச் செயலியோ அளந்து விலை போடும் பாலிசியை யோசிக்கலாம். யாரோ எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடிக்காத விஷயம்தான். ஆனால் ஓராண்டில் உள்ளூர்ச் சான்று ஒன்று கையில் வந்துவிடுகிறது.

ஆறாம் படி: வாங்குவது

பல நாடுகளில் காப்பீடு முதலில், பதிவு பிறகு. ஜெர்மனியில் நிறுவனம் தரும் ஏழு எழுத்துக் குறியீடு இல்லாமல் பதிவு அலுவலகத்தில் வேலை நடக்காது. காரைப் பார்த்து முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த மாடலுக்கு, உங்கள் முகவரிக்கு என்ன பிரீமியம் வரும் என்று கேட்டுவிடுங்கள். கார் மலிவாகவும் காப்பீடு மலைக்க வைப்பதாகவும் இருக்கும் மாடல்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தாய்மொழியில் பேசி, சமூக வலைத்தளத்தில் பாதி விலைக்குப் பாலிசி தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் இந்தப் போலித் தரகு பெரிய தொழிலாகவே நடக்கிறது. குறி வைக்கப்படுபவர்கள் புதிதாக வந்தவர்களும் இளைஞர்களும். ஒன்று, பாலிசியே பொய்யாக இருக்கும். அல்லது உங்கள் விவரத்தைத் திரித்து வாங்கியதாக இருக்கும். அல்லது வாங்கி மறுநாளே ரத்து செய்யப்பட்டிருக்கும். பிரிட்டனில் காரின் பதிவு எண்ணை மத்திய காப்பீட்டுத் தரவுத்தளத்தில் இட்டுப் பார்க்கலாம். காவல்துறை பார்ப்பதும் அதைத்தான். மற்ற நாடுகளில் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்றோர் பட்டியலில் தரகரின் பெயரைத் தேடுங்கள்.

ரத்து செய்யும் விதிகளையும் வாங்கும் அன்றே படித்துவிடலாம். ஜெர்மனியில் பெரும்பாலான பாலிசிகள் டிசம்பர் 31இல் முடிந்து தாமாகவே நீள்பவை. நிறுவனம் மாற வேண்டுமானால் நவம்பர் 30க்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். பிரான்ஸில் முதலாண்டு முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

எல்லை தாண்டி ஓட்டும் எண்ணமிருந்தால் பாலிசியின் நிலப்பரப்புப் பிரிவைப் பாருங்கள். உங்கள் காப்பீடு வெளிநாட்டிலும் செல்லும் என்பதற்குச் சான்றான பச்சை அட்டை முறை, ஐரோப்பாவிலும் சுற்றிலும் உள்ள 40க்கும் மேற்பட்ட நாடுகளை இணைக்கிறது. மொராக்கோ, துனிசியா, துருக்கி எல்லாம் இதில் அடக்கம். 2020 ஜூலை முதல் அதை வெள்ளைத் தாளிலும் அச்சிடலாம் என்பதால் நிறத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதில் கோடிட்டு அடிக்கப்பட்ட நாட்டின் குறியீடு இருந்தால் அங்கே அந்தப் பாலிசி செல்லாது. அரபு நாடுகளுக்கிடையே ஆரஞ்சு அட்டை உண்டு. எந்த அட்டையானாலும் உறுதி தருவது மூன்றாம் நபர் பொறுப்புக்கு மட்டுமே. உங்கள் கார்ச் சேதத்துக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: விபத்து நேர்ந்தால்

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் அவசர எண். ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் 112, அமெரிக்கா, கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000. பிறகு நிலைமை அனுமதித்தால், வண்டிகளை நகர்த்தும் முன் படங்கள்: இரு வண்டிகளின் பதிவு எண், சாலைக் கோடுகள், சிக்னல், சேதம். "அடிபட்டதா, வலிக்கிறதா" என்று கேட்பது மனிதத்தன்மை. "தவறு என்னுடையதுதான்" என்று எழுதிக் கொடுப்பது நிறுவனத்தின் வேலையில் கை வைப்பது. அங்கேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளவும் வேண்டாம்.

ஐரோப்பாவில் ஓட்டுபவர்கள் காரின் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கும் விபத்து அறிக்கைப் படிவத்தை வீட்டில் நிதானமாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். இடப்பக்கம் நீலம், வண்டி 'ஏ'. வலப்பக்கம் மஞ்சள், வண்டி 'பி'. நடுவில் 17 வரிகள்: நின்றுகொண்டிருந்தது, வலப்புறம் திரும்பியது, தடம் மாறியது, பின்னோக்கி வந்தது, இப்படி. உங்களுக்குப் பொருந்தும் வரியில் குறியிட்டு, கீழே எத்தனை கட்டங்களில் குறியிட்டீர்கள் என்று எண்ணிக்கையை எழுத வேண்டும். அந்த எண்தான் பின்னால் யாரும் ஒரு குறியைச் சேர்க்காமல் காக்கிறது. காலியாக விடாதீர்கள். கீழே படம் வரைய இடம். அதற்கருகே உங்கள் குறிப்புகளுக்கு இடம். எதிராளி சொல்வதோடு ஒத்துப்போகவில்லையென்றால் அங்கே தெளிவாக எழுதுங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி. படிவத்தின் மொழி புரியாவிட்டாலும் கவலையில்லை. எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்டங்களின் எண்களும் வரிசையும் மாறாதவை. உங்களுக்குத் தெரிந்த மொழிப் படிவத்தை அருகே வைத்துக்கொண்டு நிரப்பலாம். புரியாத எதிலும் கையெழுத்திட வேண்டாம், போலீஸை அழையுங்கள்.

தெரிவிக்கும் கெடு குறுகியது. சிங்கப்பூரில் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். சேதம் சிறிதோ பெரிதோ. மலேசியாவில் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார். பிரான்ஸில் 5 வேலை நாள், ஜெர்மனியில் ஒரு வாரம். அமீரகத்தில் போலீஸ் அறிக்கை இல்லாமல் பட்டறைக்காரர் காரைத் தொடமாட்டார்.

சிறு சேதத்துக்குக் கிளெய்ம் செய்வதா என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. எக்ஸஸ் போக வருவது 200, அடுத்த மூன்று ஆண்டுகளில் இழக்கும் தள்ளுபடி 600 என்றால், கையிலிருந்து கொடுப்பதே லாபம். ஆனால் கிளெய்ம் செய்யாவிட்டாலும் சம்பவத்தைத் தெரிவித்துவிடுங்கள். எதிராளி இரண்டு மாதம் கழித்துக் கழுத்துவலி என்று வரலாம். கூடுதல் பணம் கட்டி "பாதுகாக்கப்பட்ட" நோ கிளெய்ம் தள்ளுபடி வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு: அது தள்ளுபடிச் சதவீதத்தைக் காக்கும். தள்ளுபடிக்கு முந்தைய அடிப்படைப் பிரீமியத்தை உயர்த்த நிறுவனத்துக்குத் தடையில்லை.

எட்டாம் படி: அந்த நாட்டை விட்டும் கிளம்பும்போது

மறுபடியும் கிளெய்ம் வரலாற்றுக் கடிதம். உள்ளூர்க் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மூடும் முன் கேளுங்கள். சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். காரை விற்றால், பதிவு வாங்கியவர் பெயருக்கு மாறியது உறுதியான பிறகே பாலிசியை ரத்து செய்யுங்கள். நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாடுகளில் கொடுத்த ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்ய நிறுவனம் அதைக் கேட்கும். பயன்படுத்தாத மாதங்களின் பிரீமியம் பல இடங்களில் திரும்பி வரும். அது வந்து சேரும்வரை உள்ளூர் வங்கிக் கணக்கைத் திறந்தே வைத்திருங்கள்.